மனைக்கட்டும் மணலெழுத்தும்

அடையாற்றங்கரை வரலாறு: ஏழாம் அத்தியாயம்

சென்ற அத்தியாயத்தில், 1882-ஆம் ஆண்டின் இறுதியில் கர்னல் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் பம்பாயை விட்டுச் சென்னைக்கு வந்து, அடையாறு கடலோடு சங்கமமாகும் இடத்தின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்று வழங்கிவந்த ஏறக்குறைய 27 ஏக்கர் நிலத்தையும் அதிலிருந்த மாளிகையையும் பிரம்மஞான சபைக்கு நிலையான இருப்பிடமாக்கிய வரலாற்றைக் கண்டோம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்ட ஏழை ஜனங்கள், நிவாரணக் கூலிக்கு மண்சுமந்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்டிமுடித்ததையும் கண்டோம்.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லை என்றே மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால், அவ்வாறு மண்சுமந்த ஏழைகளுடைய குடிசைகள் எவருடைய மண்ணில் நின்றன, பஞ்சம் நீங்கியபின் அவர்கள் எவருடைய களத்துக்குத் திரும்பிப் போனார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினால், அந்த விசாரணை நம்மை நேரே ஹடில்ஸ்டன் தோட்டத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

குடம் சுமந்தவன்

அந்நாளில் அடையாற்றின் தென்கரை சென்னப்பட்டணத்தைச் சேர்ந்ததன்று. செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்தது. ஜில்லா கலெக்டரின் கச்சேரியும் சைதாப்பேட்டையிலேதான் இருந்தது. இன்று நகரத்தின் நடுவிடமாக நாம் நினைக்கும் ஊர்கள் பலவும் அன்று ஏரும் ஏற்றமும் கொண்ட கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம்.

தென்னாட்டுக் கிராமங்களில் பழங்காலந்தொட்டு ஒரு வழக்கம் இருந்துவந்தது. இரண்டு ஊர்களுக்கிடையே எல்லைத் தகராறு எழுந்து, கணக்கர் ஏட்டாலும் பெரியவர்கள் வாக்காலும் தீர்த்துவைக்க முடியாமற்போனால், சேரியைச் சேர்ந்த கிராம ஊழியனை அழைத்து, அவன் தலையில் நீர் நிறைந்த குடத்தை ஏற்றி, எல்லையின்மீது நடக்கச் சொல்வார்கள். அவன் கால் பதிந்த வழியே எல்லை. வழி பிசகினால் குடம் உடைந்துவிடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. வாதியும் பிரதிவாதியும் வாய்திறவாமல் அவன் பின்னே நடந்து, அவன் காட்டிய கோட்டை ஒப்புக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

ஊரின் எல்லையை அங்குலம் அங்குலமாக அறிந்தவன் அவன். ஏரி மதகு எப்போது திறக்கவேண்டும், எந்த வரப்பு எந்த வருஷம் நகர்ந்தது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அத்தகையவனுக்கு அந்த எல்லைக்குள் ஒரு முழ நிலமும் சொந்தமில்லை என்பதுதான் நாம் சொல்லப்புகும் வரலாற்றின் ஆதாரமான துயரம்.

காணியாட்சி

செங்கற்பட்டுச் சீமை, ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி 1763-இல் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்த சீமை. அங்கே வேரூன்றியிருந்த நில முறைக்குத் தமிழில் காணியாட்சி என்று பெயர். மிராசு என்ற பெயர் பாரசீக வழக்கின் வழியே பிற்காலத்தில் வந்தது. கிராமம் முழுவதும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டு, பங்குடையவர்களே மிராசுதாரர்கள் ஆனார்கள். எல்லிஸ் துரை இந்த மிராசுப் பாத்தியதையைப்பற்றி நுணுக்கமாக ஆராய்ந்து எழுதிய பிறகு, அதை அசைக்க சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எளிதில் துணியவில்லை.

மிராசுதாரருடைய பாத்தியதை அவர் உழுவித்த வயலோடு நின்றிருக்குமானால், அது மற்றச் சொத்துகளைப்போல ஒரு சொத்தாகவே இருந்திருக்கும். ஆனால், கிராமத்துத் தரிசு நிலத்தைப் பயிரிட வேண்டுமென்று வேறொருவர் தர்க்காஸ்து மனுப் போட்டால், அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை மிராசுதாரருக்கே என்று விதி இருந்தது. தாம் உழாத நிலத்தையும் பிறர் உழாதபடி நிறுத்திவைக்க அவருக்கு அது வழிசெய்தது. சேரியில் ஒருவன் சொந்தமாக ஒரு துண்டு நிலம் தேடிக்கொண்டால் மறுநாள் தம் ஏருக்கு ஆள் வாரான் என்பதை அவர் அறியாதவரல்லர்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அதுதான் மனைக்கட்டு.

சேரியில் குடிசை நிற்கும் தரையை மனைக்கட்டு என்பார்கள். மண்சுவரும் ஓலைக்கூரையும் குடியிருப்பவனுடையவை. சுவருக்கு அடியிலுள்ள தரையோ பல கிராமங்களில் மிராசுதாரரின் பாத்தியதைக்கு உட்பட்டது. வேலைக்கு வர மறுத்தவனை, கூலி கூடக் கேட்டவனை, அவருக்கு விரோதமாகக் கச்சேரியில் சாட்சி சொன்னவனை, மனைக்கட்டைக் காலிசெய் என்ற ஒரே வார்த்தையால் அடக்கிவிட முடியும். ஓலையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? அடுத்த ஊரிலும் மனைக்கட்டு அடுத்த ஊர் மிராசுதாரருடையதுதானே!

முறிச்சீட்டு

அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் அங்கீகாரம் கிடையாது என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் விதித்தது. மனிதனை அடிமையாக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று பிற்பாடு வந்த இந்திய தண்டனைச் சட்டம் கூறியது. காகிதத்தில் அடிமை முடிந்தது. ஆயினும் களத்தில் படியாள் என்ற பெயரோடு அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

மகளின் கல்யாணத்துக்கோ, பெற்றவரின் காரியத்துக்கோ, சிறு தொகை ஒன்றைக் கடனாக வாங்கும்போது அவன் ஒரு முறிச்சீட்டு எழுதிக்கொடுப்பான். எழுதிக்கொடுப்பான் என்பது சம்பிரதாயத்துக்குச் சொல்வது, எழுதுபவர் வேறொருவர். கடைசி வரியின் கீழே எழுதுகோலைத் தொட்டுக் கொடுத்து ஒரு கீறல் கீறிவிட்டு அவன் விலகி நிற்க, அந்தக் கீறலின் பக்கத்தில் இன்னான் தற்குறி என்று எழுதுபவரே குறித்துக்கொள்வார்.

தற்குறி என்ற அந்தச் சொல்லைச் சற்று நின்று பாருங்கள். கையெழுத்து அறியாதவன் தனக்காக இட்டுக்கொள்ளும் குறி என்று பொருள்பட்ட பத்திர வழக்கு, நாளடைவில் எழுத்தறியாத மனிதனையே குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. சீட்டில் வாங்கின தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை வருஷ வேலைக்கு உடன்பட்டான் என்பதை அவன் அறியான். நெல்லாக அளக்கப்பட்ட படியில் வட்டி கழியுமேயன்றி முதல் கழியாது. அவன் இறந்தால் மகன் அதே களத்தில் நிற்பான்.

ஆகவே, நிலமின்மையும் எழுத்தின்மையும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகளாக அவனைக் கட்டியிருந்தன. மனைக்கட்டு அவனை ஊரைவிட்டுப் போகவிடாமல் கட்டியது. முறிச்சீட்டு அவனை மிராசுதாரரை விட்டுப் போகவிடாமல் கட்டியது.

ஒரு கலெக்டர் எழுதிய குறிப்பு

1880-களின் கடைசியில் இந்தக் கட்டின்மீது முதன்முதலாகப் பலருடைய பார்வை ஒருங்கே விழுந்தது. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரு பாதிரியாரும், திருவள்ளூர்ப் பக்கத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி பாதிரியாரும் சேரிகளில் வேலைசெய்தவர்கள். வேதத்தைப் போதிக்கப் போன அவர்கள், மனைக்கட்டைப்பற்றியும் தரிசு நிலத்தைப்பற்றியும் விண்ணப்பம் எழுதுகிறவர்களாக மாறினார்கள். 1891-இல் மிஷனரிமாரின் விண்ணப்பம் ஒன்று சர்க்காரின் முன் வந்தது.

அதே ஆண்டில்தான் செங்கற்பட்டின் தற்காலிகக் கலெக்டர் டிரெமன்ஹீர் தம் ஜில்லாவின் சேரி மக்களைக் குறித்து நீண்ட குறிப்பு ஒன்றை எழுதி மேலே அனுப்பினார். ஜில்லாவின் ஜனத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக இருந்த சமூகத்தின் வாழ்நிலையை, உணவு, உடை, குடிசை, கூலி, கடன், நிலம் என்று வகைவகையாக எடுத்துரைத்த அந்தக் குறிப்பு, தர்மசிந்தையின் பெயரால் இரக்கம் கோரி நின்றுவிடாமல், சர்க்கார் தானே வகுத்த விதிகள் இந்தக் கட்டை எவ்வாறு இறுக்கின என்பதையும் மறைக்காமல் காட்டியது. மிராசுதாரரின் முதல் உரிமையை நீக்கவேண்டும், சேரி மக்களுக்கு நிலம் கொடுக்கவேண்டும், அவர்கள் குடியிருக்கும் மனையைப் பத்திரப்படுத்தவேண்டும், அவர்களுக்குப் பள்ளிகள் வேண்டும் என்பவை அதன் சாரம்.

நிலமும் மனையும் பள்ளியும் ஒன்றாகவே வேண்டும் என்று ஒரு கலெக்டர் எழுதினார் என்பதை வாசகர்கள் மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் வரும் ஒரு நூற்றாண்டுக் கதை முழுவதும் இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்ததால் விளைந்த கதைதான்.

1892 செப்டம்பர் 30

குறிப்பு ரெவினியூ போர்டுக்குப் போயிற்று. போர்டில் அமர்ந்திருந்த அனுபவசாலிகளுக்குக் கலெக்டரின் வேகம் பிடிக்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றும், பழைய பாத்தியதைகளில் கைவைப்பது உசிதமன்று என்றும் அவர்கள் அபிப்பிராயப்பட்டார்கள். நிலவரியே வருமானத்தின் பெரும்பகுதியாக இருந்த ராஜ்யத்தில், அந்த வரியைக் கட்டுகிறவரைப் பகைத்துக்கொள்ள எந்த உத்தியோகஸ்தர் விரும்புவார்?

அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் வென்லாக் பிரபு. போர்டு ஒரு பக்கமும், கலெக்டரும் பாதிரிமாரும் மற்றொரு பக்கமுமாக நின்ற அந்த விவகாரத்தில், 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி, 1010, 1010-ஏ என்ற எண்களுடன் ரெவினியூ உத்தரவுகள் வெளிவந்தன. சேரி மக்களுக்கென்று தரிசு நிலங்களை ஒதுக்கித் தருவதற்கு அவையே வாசலைத் திறந்தன. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்கும் பெயரின் பூர்வோத்தரம் இதுதான். அந்நிலத்தைப் பிற சமூகத்தாருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் பிற்பாடு அதனோடு சேர்ந்தது.

வாசல் திறந்தது, ஆனால் அகலத் திறக்கவில்லை. ஒதுக்கக்கூடிய தரிசு எது என்று சொல்லவேண்டியவர் கிராம அதிகாரி. அவரோ மிராசுதாரருக்கு உறவினராகவோ, அவரே மிராசுதாரராகவோ இருப்பார். மனு எழுதத் தெரியாதவனுக்கு மனு எழுதித் தரவேண்டியவரும் அந்த ஊர்க்காரரே. குடிசைக்கு அடியிலுள்ள மனைக்கட்டோ பெரும்பாலும் பழைய கைகளிலேயே தங்கிவிட்டது.

நிலத்தைக் கேட்டு வாங்குவதற்கே எழுத்து வேண்டியிருந்தது. அந்த எழுத்து எங்கிருந்து வரும்?

மணலில் எழுதிய விரல்

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதன்முதலில் எழுதியது மணலில். வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து, பரப்பிய மணலின்மீது அகரத்தை வரைவித்து, அழித்து, மறுபடியும் வரைவிப்பார். பலகையும் ஏடும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான். காசில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் கிடைக்கக்கூடிய சாதனம் மணல் ஒன்றே. கடற்கரை ஊரில் அதற்குப் பஞ்சமேது! ஆனால் சேரிப் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏறமுடியாது. மணல் எல்லாருக்கும் பொது. திண்ணைதான் சிலருக்கு உரியது.

கர்னல் ஆல்காட் உழவுத் தொழிலை அறியாதவரல்லர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1832-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் பிறந்த அவர், இளமையில் விவசாய சாஸ்திரத்தைக் கற்று, விவசாயப் பள்ளி நடத்தி, சர்க்கரைச் சத்துள்ள சோளப் பயிரைக் குறித்து 1857-இல் நூல் எழுதியவர். நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையின் விவசாயப் பகுதியில் பணியாற்றியவர். 1880-இல் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்ற பிறகு, அந்தத் தீவில் பௌத்தப் பள்ளிகள் பெருகுவதற்கு ஊர்ஊராகப் பிரயாணம் செய்து நிதி திரட்டியவர். 1886-இல் கொழும்பில் தொடங்கிய சிறு பள்ளி ஆனந்தா கல்லூரியாக வளர்ந்ததற்கு அவருடைய பிரயத்தனமும் ஒரு காரணம். மண்ணையும் பள்ளியையும் ஒருங்கே அறிந்த அந்த மனிதர், தம் தோட்டத்து மதிலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருந்த ஊரூர்ச் சேரியைப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்.

1894-இல் அவர் ஊரூரில் ஒரு பள்ளியைத் திறந்தார்.

சம்பளம் கிடையாது. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவையே முக்கியப் பாடங்கள். மதமாற்றம் செய்வதற்கென்று அந்தப் பள்ளி ஏற்பட்டதன்று. பட்டதாரிகளை உண்டாக்குவதும் ஆல்காட்டின் நோக்கமன்று. சாதாரண ஜீவனத்துக்கு வேண்டிய கல்வி, கணக்குப் பார்க்கவும் ஏமாறாதிருக்கவும் வேண்டிய கல்வி, அதுவே முதலில் தேவை என்று அவர் கருதினார். அந்த எண்ணத்தைக் குறுகியது என்று இன்று ஒருவர் குறைகூறலாம். குறைகூறுவதில் நியாயமும் உண்டு. சேரிப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று அளவுகட்ட எவருக்கும் அதிகாரமில்லை. ஆயினும், தற்குறியாக நின்ற ஒரு சமூகத்தில் முறிச்சீட்டின் தொகையைத் தானே வாசிக்கக்கூடிய ஒரு பையன் தோன்றினால், அந்தக் குடும்பத்துக்கு அதைக்காட்டிலும் பெரிய பட்டம் அன்று வேறு எது?

ஒன்று ஐந்தாயிற்று. பிளவாட்ஸ்கி அம்மையாரின் ஞாபகார்த்தமாக ஒரு பள்ளி, சபையின் தொண்டர் தாமோதர் பெயரால் ஒன்று, திருவள்ளுவர் பெயரால் ஒன்று, அன்னி பெசன்ட் பெயரால் ஒன்று என்று, 1901-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஐந்து இலவசப் பள்ளிகள் நடைபெற்றன. அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையார் அவற்றின் மேற்பார்வையை ஏற்றார். ஆட்டத்தோடும் பாட்டோடும் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறையும் அவற்றில் நுழைந்தது. திண்ணையில் ஏறமுடியாதிருந்த பிள்ளைகளுக்கு, பட்டணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் அரிதாயிருந்த புதிய போதனாமுறை கிடைத்தது.

நிலமும் எழுத்தும்

இந்த இடத்தில் நாம் ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். பள்ளியைத் திறந்த சபையும் ஒரு தோட்டத்தின் சொந்தக்காரராகவே சேரியின் பக்கத்தில் வாழ்ந்தது. அந்தத் தோட்டம், பெசன்ட் அம்மையார் 1907-இல் தலைவரானபின் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டு பன்மடங்கு விரிந்தது. மிராசுதாரரைப்போல அது யாரையும் முறிச்சீட்டால் கட்டவில்லை, எழுத்தைக் கொடுத்தது. ஆனால் பள்ளி நடத்திய ஒரு சபையால் செங்கற்பட்டுச் சீமையின் மனைக்கட்டுக் கேள்வியைத் தீர்த்திருக்க முடியாது. தீர்க்கவேண்டிய கடமை சர்க்காருடையது.

சர்க்கார் எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதற்கு இரண்டு தேதிகளே போதும். மனையைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று டிரெமன்ஹீர் எழுதியது 1891-இல். குடியிருப்பு மனையை அதில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971-இல். இடையில் எண்பது ஆண்டுகள் சென்றன. பஞ்சமி நிலமோ இன்னும் முடியாத வழக்கு. ஊரூர்ப் பள்ளி திறந்து சரியாக நூறாண்டு ஆன 1994-இல், அக்டோபர் 10-ஆம் தேதி, அதே செங்கற்பட்டில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் சென்றவர்கள்மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் உயிரிழந்தனர்.

கிராம முன்னேற்றம் என்று நாம் பேசும்போதெல்லாம், பள்ளி கட்டினோம், சாலை போட்டோம், விளக்கு ஏற்றினோம் என்று கணக்குச் சொல்லிப் பெருமைகொள்கிறோம். அவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால் அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளை, மாலையில் திரும்பிப்போகும் குடிசையின் தரை எவருடையது என்று கேட்காத முன்னேற்றம் பாதி முன்னேற்றமே. ஊரூரில் மணலைத் தொட்ட விரலுக்கு எழுத்து கிடைத்தது. காலுக்கு நிலம் கிடைக்கவில்லை. ஆயினும், எழுத்து கிடைத்தவன் இனிமேல் வாய்மூடியிருக்கமாட்டான் என்பதைச் சரித்திரம் மிக விரைவில் காட்டியது.

பள்ளி திறந்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1898-இல், சித்த வைத்தியத்தில் வல்லவரும், தமிழ் நூல்களில் ஆழ்ந்த புலமை உடையவருமான அயோத்திதாச பண்டிதர், தம் சமூகத்தைச் சேர்ந்தவர்களோடு கர்னல் ஆல்காட்டைக் காண வந்தார். பிறர் உதவியை எதிர்பார்த்து எழுத்துக் கற்கவேண்டிய நிலையில் இருந்தவரல்லர் அவர். பஞ்சமர் என்று சர்க்காரும் சபையும் சூட்டிய பெயரையே ஏற்க மறுத்தவர்; இந்த மண்ணின் ஆதிக்குடிகள் தம்மவர் என்று நூலாதாரங்களோடு வாதாடியவர். எல்லையில் குடம் சுமந்து நடந்தவனின் நினைவை எழுத்தில் ஏற்றத் துணிந்தவர் என்றே அவரைச் சொல்லவேண்டும்.

அவர் அன்று ஆல்காட்டிடம் கேட்டது பள்ளியன்று. நிலமும் அன்று. அவர்கள் கொழும்புக்குக் கப்பலேறும்படி செய்த அந்தக் கோரிக்கை என்ன? மனைக்கட்டுக்கே உரிமையில்லாத ஒரு சமூகத்துக்கு, அதைவிட அவசரமாக வேண்டியிருந்த பொருள் எது?

(அடுத்த வாரம்: ராயப்பேட்டையிலிருந்து கொழும்புக்கு)